760 சதுர அடி வீடு, கையில் நாலரை லட்சம்: எதில் குறைக்கலாம், எதில் கூடாது?

ராஜபாளையம் 3 செண்ட் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ராஜபாளையத்தில் மூன்று செண்ட் இடத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். தரைத்தளம் மட்டும்தான். ஹால், இரண்டு படுக்கையறை, சமையலறை, இரண்டு பாத்ரூம், முன்னால் சின்ன வராண்டா. உள்பூச்சு, வெளிப்பூச்சு இரண்டும் முடிந்துவிட்டன. வாசல் நிலை தேக்கு, மற்றதெல்லாம் வேம்பு. சுவர் எழும்பும்போதே நிலைகளை வைத்தாகிவிட்டது. சுவருக்குள் பைப் போயிருக்கிறது, ஒயர் இன்னும் இழுக்கவில்லை.

பேங்க் லோனின் கடைசித் தவணை வந்ததும் கையில் நாலரை லட்சம் இருக்கும். அதற்கு மேல் கடன் வாங்குவதில்லை என்று வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டோம். தரை, பாத்ரூம், சமையலறை, கதவு, ஜன்னல், ஒயரிங், பெயிண்ட் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும்.

காண்ட்ராக்டர் ஹாலுக்கு நாலுக்கு ரெண்டு அடி பளபளா டைல்ஸ், பால்ஸ் சீலிங் (கூரைக்கு அடியில் தொங்கவிடும் இன்னொரு கூரை), முகப்பில் எலிவேஷன் டைல்ஸ், சமையலறைக்கு மாடுலர் (ரெடிமேட் அலமாரிகள்) என்று ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார். அதைக் கூட்டிப் பார்த்தால் கதவுக்கும் பெயிண்டுக்கும் பணமே இல்லை. அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. அவர்களுக்குச் சிவப்பு சிமெண்ட் தரை வேண்டும், வெறுங்காலில் நடக்கச் சுகம் என்கிறார்கள். மனைவிக்கு ஆத்தங்குடி கல் (கையால் செய்யும் பூப்போட்ட சிமெண்ட் டைல்ஸ்) மேல் ஆசை. எனக்கு எதுவானாலும் சரி, பத்து வருஷம் திரும்பிப் பார்க்காமல் இருக்க வேண்டும்.

கட்டி முடித்து அந்த வீட்டில் சில வருஷம் இருந்தவர்கள், இந்த வேலையில் இருப்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். இந்தப் பணத்தை எப்படிப் பிரிப்பீர்கள்?

மேஸ்திரி மகள் எழுதியது:

தம்பி, வணக்கம். எங்கள் அப்பா திருநெல்வேலிப் பக்கம் கொத்தனார், நான் சிவில் டிப்ளமோ முடித்து சின்ன வீடுகளுக்கு சைட் பார்த்துக் கொடுக்கிறேன். பெரும்பாலும் உங்களை மாதிரி இரண்டு செண்ட், மூன்று செண்ட் வீடுகள்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

டைல்ஸ் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுத்து வீட்டை அளந்துவிடுங்கள். விலையை அப்புறம் பார்க்கலாம், முதலில் அளவு. உங்கள் வீட்டில் சுவர் போக நடக்கிற தரை சுமார் 620 சதுர அடி வரும். அதில் சதுர அடிக்குப் பத்து ரூபாய் கூட்டினால் 6,200 ரூபாய் போய்விடும். சமையல் மேடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் 8 அடி, மறுபக்கம் 6 அடி, அகலம் 2 அடி என்று வைத்தால் மூலையை ஒருமுறை கழித்து மொத்தமே 24 சதுர அடி. அங்கே சதுர அடிக்கு ஐம்பது ரூபாய் கூட்டினாலும் 1,200 ரூபாய்தான். ஆகவே பரப்பு பெரிதாக இருக்கும் இடத்தில் சாதாரணப் பொருள், பரப்பு சின்னதாகவும் தண்ணீரும் கையும் ஓயாமல் படுவதாகவும் இருக்கும் இடத்தில் நல்ல பொருள். நான் பார்க்கும் எல்லா வீட்டுக்கும் கணக்கை இங்கிருந்துதான் தொடங்குகிறேன். ஆனால் ஊரில் நடப்பது தலைகீழ். ஹால் தரைக்கும் முகப்புக்கும் கொட்டிவிட்டு, சமையல் மேடையில் கடப்பா கல்லோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

கடப்பா கல் நல்ல கல்தான், அலமாரித் தட்டுக்கும் லாஃப்ட்டுக்கும் அதைவிட மலிவாக உறுதியான பொருள் கிடையாது. ஆனால் அது சுண்ணாம்புக் கல் வகை. புளிக்கரைசலும் எலுமிச்சைச் சாறும் பட்டுப் பட்டு மேல்பரப்பு அரிக்கும், வெள்ளை வெள்ளையாகத் தடம் விழும். புளி கரைக்காமல் நம் வீட்டில் ஒரு நாள் போகாது. அதனால் அடியில் கடப்பா, மேலே கறுப்பு கிரானைட். கீழே மாடுலர் இப்போது வேண்டாம். கடப்பா தட்டுகள் போட்டுத் திறந்து விட்டுவிடுங்கள், முன்னால் கதவு எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

பாத்ரூம். உங்கள் அளவு தெரியவில்லை, 7க்கு 4 என்று வைத்துக்கொள்கிறேன். சுற்றளவு 22 அடி. கதவு இரண்டரை அடி போனால் பத்தொன்பதரை. எல்லாச் சுவரிலும் 7 அடி உயரம் டைல்ஸ் ஒட்டினால் 136 சதுர அடிக்கு மேல் வரும். குளிக்கும் மூலையில் இரண்டு பக்கமும் நாலு நாலு அடிக்கு மட்டும் 7 அடி ஏற்றிவிட்டு, மற்ற இடத்தில் 4 அடியோடு நிறுத்தினால் 102தான். இரண்டு பாத்ரூமிலும் சேர்த்து கிட்டத்தட்ட 70 சதுர அடி டைல்ஸும் அதன் கூலியும் மிச்சம். அந்தக் காசில் தரைக்கு அடியில் வாட்டர்ப்ரூஃப் பூச்சை ஒழுங்காக இரண்டு கோட் அடித்துவிடுங்கள். பூச்சு காய்ந்ததும் தண்ணீர் வெளியேறும் ஓட்டையை அடைத்துத் தண்ணீர் கட்டி, ஒரு இரவும் ஒரு பகலுமாவது விட்டு, பக்கத்து அறைச் சுவரில் ஈரம் ஏறுகிறதா என்று தடவிப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் டைல்ஸ்காரர் உள்ளே வர வேண்டும். இதை விட்டுவிட்டு மேலே எவ்வளவு விலையில் டைல்ஸ் ஒட்டினாலும் பிரயோஜனமில்லை.

தரைக்கு ஒன்றுக்கு ஒன்று அளவில் சொரசொரப்பான டைல்ஸ் போதும். சின்ன டைல்ஸ் என்றால் வாட்டம் கொடுப்பது சுலபம், தண்ணீர் தேங்காமல் ஓடும். அம்மா இருக்கும் வீட்டில் வழுக்குகிற டைல்ஸ் பாத்ரூமில் மட்டுமல்ல, ஹாலிலும் வேண்டாம். தண்ணீர்ச் செம்போடு நடக்கும் வயதானவர்களுக்கு அந்தப் பளபளப்பு ஆபத்து. இதில் அழகு, விலை எதையும் நான் கணக்கில் எடுக்க மாட்டேன்.

சிவப்புத் தரை பற்றி. அம்மா சொல்வது உண்மை, நடக்க நடக்க மெருகு ஏறும் தரை அது. பொருள் செலவும் குறைவு. ஆனால் செலவும் சிரமமும் கைவேலையில் இருக்கிறது. ஒரு அறையை ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தாமல் அன்றைக்கே கரண்டியால் தேய்த்து முடிக்க வேண்டும். மறுநாள் தொட்டால் ஒட்டுப் போட்ட மாதிரி நிறம் பிரியும். பெரிய அறையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து நடுவே கண்ணாடிப் பட்டி வைக்காவிட்டால் வெடிப்பு தானாக ஒரு வழி தேடிக்கொள்ளும். அடியில் நிரப்பிய மண் சரியாகத் திமிசு போட்டு இடித்து இறுக்கப்படாமல் இருந்தாலும் வெடிக்கும். உங்கள் ஊரில் இதைப் போடத் தெரிந்தவர் என்று யாரையாவது காட்டினால், அவர் போட்டு ஐந்து வருஷமாவது ஆன ஒரு தரையைக் காட்டச் சொல்லுங்கள். செல்போனில் இருக்கும் படம் போதாது, நேரில் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பாருங்கள். காட்ட முடியவில்லை என்றால் அந்த ஆசையை விட்டுவிடுவது நல்லது.

பால்ஸ் சீலிங், எலிவேஷன் டைல்ஸ் இரண்டையும் அடித்துவிடுங்கள். பத்தடி உயர ஹாலில் பால்ஸ் சீலிங் போட்டால் உயரம்தான் குறையும்.

ஒயர், சுவருக்குள் போகும் குழாய் வால்வு, குழாய்த் திருகு இவற்றில் ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள். விளக்குக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் ஒயர். இப்போது ஏசி வாங்கப்போவதில்லை என்றாலும் ஒரு படுக்கையறைக்கு அந்த ஒயரை இழுத்து வைத்துவிடுங்கள். சுவிட்ச் தட்டு சாதாரணமானதாக இருக்கட்டும், அதை ஸ்குரூடிரைவரால் கழற்றி மாற்றிக்கொள்ளலாம்.

எனக்கு இப்போது தெரிய வேண்டியது ஒன்றுதான். நிலையின் அடிமட்டத்துக்கும் இப்போது இருக்கும் தரைக் காங்கிரீட்டுக்கும் நடுவே எத்தனை இன்ச் இருக்கிறது? எல்லா நிலையிலும் அளந்து சொல்லுங்கள். தரையை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

டைல்ஸ்கடை அண்ணாச்சி எழுதியது:

அந்தத் தங்கச்சி சொன்னதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. நான் கடை வைத்திருப்பவன், அதனால் வாங்கும் இடத்தில் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன்.

நம்மூர்க் கடைகளுக்கு வரும் டைல்ஸில் பெரும்பங்கு குஜராத் மோர்பியில் இருந்து வருகிறது. பேர் வேறு வேறாக இருந்தாலும் பல பெட்டிகள் பக்கத்துப் பக்கத்துத் தொழிற்சாலைச் சரக்குதான். ஆகவே பேரைப் பார்க்காமல் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். இரண்டு டைல்ஸை முகத்தோடு முகம் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஓரம் ஒட்டி நடுவில் இடைவெளி தெரிந்தாலோ, நடுவில் ஒட்டி ஓரம் தூக்கினாலோ அது வளைந்த சரக்கு. நாலுக்கு ரெண்டில் இந்தத் தொந்தரவு அதிகம். ஒட்டிய பிறகு ஓரம் ஓரமாகக் காலில் தட்டும். ரெண்டுக்கு ரெண்டில் பெரும்பாலும் வராது, உங்கள் வீட்டு அறை அளவுக்கு அதுவே போதும். வெட்டும்போது வீணாவதும் குறைவு.

விட்ரிஃபைட் என்றால் தண்ணீரை அநேகமாக உறிஞ்சாது, அரை சதவீதத்துக்கும் கீழே. அதனால் வெறும் சிமெண்ட் பாலில் ஒட்டினால் சுவரில் பிடிக்காது, கழன்று வரும். சுவருக்குச் சாதாரண செராமிக் வாங்குங்கள், விலையும் குறைவு, எடையும் குறைவு, பிடிப்பும் நன்றாக இருக்கும்.

எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண்ணும் ஷேடும் ஒன்றாக இருக்க வேண்டும். நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை கூடுதலாக வாங்குங்கள். பிரிக்காத பெட்டியைத் திருப்பி எடுப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டு பில்லிலேயே எழுதி வாங்குங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். ஒரு பெட்டியை மட்டும் திருப்பாமல் லாஃப்ட்டில் போட்டு வையுங்கள். நாளைக்கு ஒரு குழாய் உடைந்து தரையைப் பெயர்த்தால் அதே டைல்ஸ் உலகத்தில் எங்கும் கிடைக்காது.

படுக்கையறைக்கு இன்னொரு வழி இருக்கிறது. எல்லாக் கடையிலும் நூறு, நூற்றைம்பது சதுர அடி மிச்சச் சரக்கு தேங்கிக் கிடக்கும். பெரிய வீட்டுக்காரர்களுக்கு அது பத்தாது, உங்கள் அறைக்குச் சரியாக இருக்கும். கேட்டால் பாதி விலைக்குக்கூடத் தருவோம், எங்களுக்கும் இடம் காலியாகும். எண்ணிப் பார்த்து, உடைந்ததை ஒதுக்கி எடுத்துக்கொள்ளுங்கள்.

ராஜபாளையம் 3 செண்ட் எழுதியது:

அக்கா, அண்ணாச்சி, இருவருக்கும் மிக்க நன்றி. இந்த மாதிரி யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மேடைக் கணக்கை வீட்டில் படித்துக் காட்டினேன், மனைவி உடனே கிரானைட் என்று எழுதிவிட்டார்.

நிலைகளை அளந்தேன். ஹால், படுக்கையறை நிலைகளில் இரண்டரை இன்ச் இருக்கிறது. சமையலறைப் பின்வாசலில் இரண்டு இன்ச்தான். பாத்ரூம் இரண்டிலும் தரை மற்ற அறைகளை விடக் கீழே இறக்கிப் போட்டது.

சிவப்புத் தரை போடுகிறவர் ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறார் என்றார்கள், போய்ப் பார்த்தேன். இப்போது அவர் வேலைக்கு வருவதில்லையாம், முதுகு வலி. அவர் பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். அம்மாவிடம் சொன்னேன், சரி என்று விட்டுவிட்டார்கள்.

ஹால் மட்டும் ஆத்தங்குடி கல் போட்டால் தாங்குமா? ஹால் 16க்கு 11. மற்ற அறைகளுக்கு ரெண்டுக்கு ரெண்டு மேட் (பளபளப்பில்லாத) டைல்ஸ் என்று நினைக்கிறோம். கதவுக்கும் பெயிண்டுக்கும் யோசனை சொல்லுங்கள்.

காரைக்குடிக்காரன் எழுதியது:

ஆத்தங்குடி எங்கள் ஊருக்குப் பக்கம்தான், என் வீட்டில் போட்டிருக்கிறேன், அதனால் இதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கடையில் படம் பார்த்து ஆர்டர் கொடுக்காதீர்கள், ஒரு தடவை பட்டறைக்கே வந்துவிடுங்கள். கண்ணாடித் துண்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, நிறம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கினால் பூ நிற்கும். அதன் மேல் உலர்ந்த சிமெண்ட்-மணல், அப்புறம் ஈரக் கலவை, தட்டி மட்டம் செய்து ஒதுக்கி வைத்துவிடுவார்கள். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் கிடக்கும். சூளை கிடையாது. கண்ணாடி ஒட்டிய முகம் என்பதால் தானாகவே வழவழப்பாக வரும். கையால் செய்வது, அதனால் நிறம் கல்லுக்குக் கல் லேசாக மாறும், அதை ஏற்றுக்கொள்ள முடிந்தவர்கள்தான் வாங்க வேண்டும்.

கல்லை விடப் பதிக்கும் ஆள் முக்கியம். இடைவெளி விடாமல் நெருக்கிப் பதிக்க வேண்டும், டைல்ஸ் ஒட்டும் ஆளிடம் கொடுத்தால் நடுவே ஸ்பேசர் என்கிற பிளாஸ்டிக் துண்டுகளை வைத்துக் கெடுத்துவிடுவார். இங்கிருந்தே ஆளை அழைத்துப் போகிறவர்கள் உண்டு. கூலி, தங்கும் இடம், சாப்பாடு, லாரி வாடகை எல்லாம் சேர்த்து ஒரு சதுர அடிக்கு எவ்வளவு ஆகிறது என்று கூட்டிக்கொண்டு பிறகு முடிவெடுங்கள். 176 சதுர அடிக்காக ஒரு லாரி வருவது கட்டுப்படியாகாது. உங்கள் பக்கம் யாராவது வாங்குகிறார்களா என்று பட்டறையில் கேட்டால் சேர்த்து ஏற்றிவிடுவார்கள்.

பதித்த பிறகு பெயிண்ட் வேலை வேண்டாம். சொட்டினால் கறை உள்ளே இறங்கிவிடும். முதலில் பெயிண்ட், கடைசியில் கல். ஆசிட் பக்கத்திலேயே வரக்கூடாது. மெருகுக்குத் தேங்காய் எண்ணெய் கொஞ்சம் தொட்டுத் துணியால் துடைப்போம், அவ்வளவுதான். வெயில் காலத்தில் மதியம் அதன் மேல் படுத்தால் பாய் தேவைப்படாது.

மேஸ்திரி மகள் எழுதியது:

இரண்டரை இன்ச் இருக்கிறதா, அப்படியானால் ஹாலுக்குக் கவலையில்லை. ஆத்தங்குடி கல் முக்கால் இன்ச் கனம், அடியில் கலவை ஒன்றரை இன்ச் என்றால் இரண்டேகால் ஆகிறது. நிலைக்கு அடியில் கால் இன்ச் மிஞ்சும், அதில் மிதியடி தட்டாமல் கதவு திறக்கும்படி கதவையும் அடியில் கொஞ்சம் சீவிக்கொள்ள வேண்டும். சமையலறையில் இரண்டு இன்ச்தான் என்பதால் அங்கே இந்தக் கல்லை நினைக்காதீர்கள். டைல்ஸ் கனம் ஒரு சென்டிமீட்டருக்குள்தான், அடியில் ஒன்றேகால் இன்ச் கலவை போட்டாலும் இடம் இருக்கும். வேலை தொடங்கும் முன் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) பிடித்து எல்லா அறைச் சுவரிலும் ஒரே மட்டத்தில் நீலக் கோடு அடிக்கச் சொல்லுங்கள். ஹாலும் அறைகளும் வாசலில் சந்திக்கும்போது படி விழாமல் இருப்பதற்கு அந்தக் கோடுதான் ஆதாரம். முழங்கால் வலி இருப்பவர்களுக்கு அரை இன்ச் படிகூட இடறும்.

ஆனாலும் காரைக்குடி அண்ணன் சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். கல் விலையும் ரெண்டுக்கு ரெண்டு டைல்ஸ் விலையும் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். பதித்து முடித்த விலையைக் கேட்டால் வித்தியாசம் புரியும். என்னைக் கேட்டால், கூடுதல் செலவு 12,000க்குள் நின்றால் ஹாலில் போடுங்கள். அம்மா பகல் முழுக்க இருக்கப்போவது அங்கேதான். சிவப்பும் கறுப்பும் மட்டும் உள்ள சாதா கல்லும் அங்கே கிடைக்கும், பூ வேலைக் கல்லை விட விலை குறைவு. ஹால் முழுக்கச் சிவப்பு, ஓரத்தில் ஒரு வரிசை கறுப்பு. அம்மா கேட்ட நிறமும் வந்துவிடும்.

டைல்ஸ் போடும் அறைகளில், மறுநாள் காலையில் நீங்களே போய் ஒவ்வொரு டைல்ஸையும் கரண்டிக் காம்பால் தட்டிப் பாருங்கள். அப்பா எங்கே போனாலும் இதைச் செய்வார். கெட்டியாக இருந்தால் சத்தம் அடங்கி வரும், அடியில் கலவை பரவாமல் பொள்ளலாக இருந்தால் டொக்கென்று தனியாகக் கேட்கும். நாலு மூலையும் தட்ட வேண்டும், மூலைதான் முதலில் உடையும். பொள்ளல் என்று தெரிந்தால் சாக்பீஸால் குறி போடுங்கள், ஆள் சைட்டில் இருக்கும்போதே பெயர்த்து மாற்றிக் கொடுப்பார்.

கதவு. வாசலுக்கு நல்ல தேக்கு, அதைக் குறைக்காதீர்கள், அது ஒன்றுதான். படுக்கையறைக்கு ஃபிளஷ் கதவு (பிளைவுட் ஒட்டிய தட்டையான கதவு). மாட்டுவதற்கு முன்னால் மேல் விளிம்புக்கும் அடி விளிம்புக்கும் பிரைமர் அடித்தாகிவிட்டதா என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று ஆசாரிகள் விட்டுவிடுகிறார்கள், வீடு கழுவும் தண்ணீர் அந்த வழியாகத்தான் ஏறிக் கதவு உப்புகிறது. பாத்ரூமுக்கு மரமே வேண்டாம், டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது) அல்லது பிவிசி கதவு.

பெயிண்டில் நிறையக் குறைக்கலாம். பட்டி (சுவரை வழவழப்பாக்கப் பூசும் மாவு) எல்லா இடத்துக்கும் தேவையில்லை. ஹால் சுவருக்கு மட்டும் இரண்டு கோட் பட்டி பார்த்து எமல்ஷன் அடியுங்கள். சீலிங்குக்கும் படுக்கையறைக்கும் பிரைமர் ஒரு கோட், சாதா எமல்ஷன் இரண்டு கோட். பூச்சு பி-சாண்டில் (பூச்சுக்கான நைசான செயற்கை மணல்) நன்றாக வந்திருந்தால் அதுவே பார்க்க லட்சணமாக இருக்கும். நாலைந்து வருஷம் கழித்துத் திரும்ப அடிக்கும்போது பட்டி பார்த்துக்கொள்ளலாம். வெளிச்சுவருக்குப் பட்டி வேண்டாம், மழையில் உரிந்துவிடலாம். அவசரமும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நனைந்த சுவருக்கு மேல் பெயிண்ட் அடித்தால் தை மாதம் கொப்புளம் கொப்புளமாக நிற்கும். உள்ளே அடித்துக் குடி போய்விடுங்கள், வெளியே பிரைமரோடு நிறுத்தி வெயில் வந்ததும் அடிக்கலாம்.

இப்படி மிஞ்சும் பணத்துக்கு ஒரு இடம் சொல்கிறேன். உங்கள் பட்டியலில் மொட்டை மாடியே இல்லை. ஒற்றைத் தளம், மேலே வெறும் காங்கிரீட். பங்குனி, சித்திரையில் பகல் முழுக்க வாங்கிய சூட்டை அது ராத்திரி முழுக்க உள்ளே இறக்கும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, மேலே தட்டு ஓடு பதிப்பது பழைய முறை. இப்போது ஆள் கிடைப்பது கஷ்டம் என்றால் வாட்டம் கொடுத்து, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைக் கூலிங் டைல்ஸ் பதியுங்கள், சந்துகளைச் சரியாக அடைக்க வேண்டும். எலிவேஷன் டைல்ஸ், பால்ஸ் சீலிங் பணத்தை இதற்கு மாற்றினாலே பெரும்பகுதி முடிந்துவிடும். அதற்கும் பணம் பத்தாது என்றால் இந்தக் கோடைக்குச் சுண்ணாம்பாவது இரண்டு கோட் அடியுங்கள். அம்மா அறைக்கு மேலே இருக்கும் பகுதியை முதலில் முடியுங்கள், மற்றதை அடுத்த வருஷம் செய்துகொள்ளலாம்.

ராஜபாளையம் 3 செண்ட் எழுதியது:

அக்கா, மாடியை நாங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. காண்ட்ராக்டரிடம் பேசிவிட்டேன், எலிவேஷனும் சீலிங்கும் வேண்டாம் என்று சொல்லிக் கூலிங் டைல்ஸுக்கு விலை கேட்டிருக்கிறேன். அம்மாவையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு வரும் ஞாயிற்றுக்கிழமை ஆத்தங்குடி போகிறோம். காரைக்குடி அண்ணே, பட்டறைகள் ஞாயிறு திறந்திருக்குமா?

காரைக்குடிக்காரன் எழுதியது:

எல்லாப் பட்டறையும் இருக்காது, ஆள் இருந்தாலும் அச்சு ஊற்றுவதைப் பார்க்க முடியாமல் போகலாம். சனிக்கிழமை காலையில் வாருங்கள். ஹால் அளவையும் வாசல் நிலை எந்தப் பக்கம் என்பதையும் ஒரு தாளில் வரைந்து கொண்டுவாருங்கள், ஓரக் கல் எத்தனை, மூலைக் கல் எத்தனை என்று அங்கேயே எண்ணிச் சொல்லிவிடுவார்கள்.